பல் பிடுங்கிய குழியில் எலும்புப் பொடி வைத்தே ஆக வேண்டுமா?

மஞ்சூரிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மாவுக்கு 61 வயது. மேல் முன்பல் ஒன்றின் வேர் பிளந்துவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிப் பாதி உடைந்திருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று கோவையில் பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார். எடுத்த கையோடு இரண்டு குழியிலும் எலும்புப் பொடி வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் தாடை எலும்பு கரைந்துவிடும், அதற்குத் தனியாக 24,000 ரூபாய் ஆகும் என்றாராம். குன்னூரில் இன்னொரு டாக்டர், "அதெல்லாம் வேண்டாம், எலும்பு தானாக வளர்ந்துவிடும்" என்றாராம். முன்பல் இருந்த இடத்தில் நிலையான பல் வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கடைவாயில் எதுவும் வைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. "இரண்டு பேரில் யார் சொல்வது சரி? எலும்பு தானாக வளருமா, வளராதா?" என்பது கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில், அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, வெற்றிலைப் பழக்கம் உண்டு, எலும்புத் தேய்மானத்துக்கு வருடத்துக்கு ஒரு ஊசி போடுகிறோம் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் கோத்தகிரியில் பல வருடங்களாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஈறும் அதைத் தாங்கும் எலும்பும்தான் என் மேற்படிப்பு. அம்மாவின் வாயையோ எக்ஸ்ரே படத்தையோ பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் "வையுங்கள்", "வைக்காதீர்கள்" என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். அந்த ஊசியைப் பற்றிய வரிதான் உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமானது. அதற்குத் தனியாக வருகிறேன்.

இரண்டு டாக்டர்களும் வேறு வேறு எலும்பைப் பற்றிப் பேசுகிறார்கள். குன்னூரில் சொன்னது குழிக்குள் நிரம்பும் எலும்பு. கோவையில் பயந்தது குழியைச் சுற்றி நிற்கும் சுவரை நினைத்து. பல்லைப் பிடுங்கியதும் குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. சில நாட்களில் அந்த உறைகட்டியின் இடத்தில் சிவந்த இளந்தசை வளர ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் பதமாகாத புது எலும்பு உருவாகும். மூன்று நான்கு மாதத்தில் எக்ஸ்ரே எடுத்தால் குழி பெரும்பாலும் அடைந்திருக்கும். பொடி வைத்தாலும் வைக்காவிட்டாலும் இது நடக்கும். இதில் சந்தேகமே இல்லை.

சுவரின் கதை வேறு. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. அந்த நார்கள் ஊன்றியிருக்கும் எலும்பின் உள்ளடுக்கு பல்லுக்காகவே உருவானது. பல் போனதும் நார்ப்படலமும் போகிறது, அது கொடுத்துவந்த ரத்த ஓட்டமும் போகிறது, அந்த அடுக்கை உடம்பே கரைத்துவிடுகிறது. கடைவாயில் சுவர் தடிமன் என்பதால் உள்ளடுக்கு போனாலும் பின்னால் எலும்பு மிஞ்சும். மேல் முன்பற்களில் உதட்டுப் பக்கத்துச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஏறக்குறைய அந்தச் சுவர் முழுவதுமே அந்த உள்ளடுக்குதான். சரிவில் வீடு கட்டியிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்: வெளித் தடுப்புச் சுவர் சரிந்துவிட்டால் உள்ளே எத்தனை லோடு மண் கொட்டினாலும் முற்றத்தின் பழைய அகலம் நிற்காது.

எவ்வளவு போகும்? டென்மார்க்கில் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வை இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். பின்பற்களைப் பிடுங்கிய இடத்தில் ஒரு வருடத்துக்குள் எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. உயரத்தில் போவது இதைவிடக் குறைவு, பொதுவாக ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில். ஆக, "கரைந்துவிடும்" என்று உங்களுக்குச் சொன்னது பொய் இல்லை. ஆனால் தாடையே கரைந்துபோகும் என்று அம்மா பயந்திருந்தால் அந்தப் பயம் வேண்டாம். போவது அந்த ஒரு பல் இருந்த இடத்து மேடு. பக்கத்துப் பற்கள் நன்றாக இருந்தால் அவற்றை ஒட்டிய எலும்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

பொடி வைத்தால் இந்த இழப்பு நிற்குமா? நிற்காது, குறையும். பொடி வைத்த குழிகளையும் வைக்காத குழிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அகலத்தில் சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை மிச்சமாகிறது, உயரத்திலும் கொஞ்சம் மிச்சமாகிறது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இம்ப்ளான்ட் ஒன்றை, அதாவது நிலையான பல்லைத் தாங்க எலும்புக்குள் ஊன்றும் செயற்கை வேரை, நட வேண்டுமானால் அதைச் சுற்றி எலும்பு வேண்டும், அதிலும் உதட்டுப் பக்கம் இரண்டு மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது. மொத்தம் ஏழு மில்லிமீட்டர் அகலம் தேவைப்படும் இடத்தில் ஐந்துதான் இருக்கிறது என்றால் அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக இன்னொரு அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வரலாம். கணக்கு அங்கேதான் மாறுகிறது.

இதற்கான சான்று எவ்வளவு பலமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோக்ரேன் அமைப்பு இந்த விஷயத்தில் உள்ள ஆய்வுகளைத் தொகுத்து 2015இலும் 2021இலும் வெளியிட்டது. எலும்பு இழப்பு குறையக்கூடும், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்பதுதான் அதன் சாரம். இந்தப் பொடி அந்தப் பொடியைவிட மேல் என்று நிரூபணம் இல்லை. பொடி வைத்தவர்களுக்குப் பிற்பாடு இம்ப்ளான்ட் வைக்கும்போது கூடுதல் எலும்பு வேலை கட்டாயம் தேவைப்படாது என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இதை வைத்தால் எலும்பு அப்படியே இருக்கும்" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். "பொடி வைப்பதே ஏமாற்று வேலை" என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது, அந்த இடத்தில் எலும்பு எதற்காக வேண்டும் என்ற கேள்வி. பொடியைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். கீழ்க் கடைவாயில் எதுவும் வைக்கப்போவதில்லை என்கிறீர்கள். அங்கே சுவர் தடிமன், குழி தானாகவே நன்றாக ஆறும் இடம். ஒன்றிரண்டு வருடத்துக்குள் அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் இல்லையென்றால் பொடிக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நாளைக்கே மனம் மாறி இம்ப்ளான்ட் வைக்க விரும்பினாலும், கீழ்க் கடைவாயில் பெரும்பாலும் அதற்குத் தேவையான அகலம் மிஞ்சியிருக்கும். இந்தப் பல்லின் அளவில் குன்னூர் டாக்டர் சொன்னதோடு எனக்கு உடன்பாடு.

முன்பல் விஷயத்தில் என் சாய்வு கோவை டாக்டர் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. வேர் நீளவாக்கில் பிளந்த பல்லில், அந்தப் பிளவு ஓடும் பக்கத்து எலும்புச் சுவர் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே அரித்துப் போயிருப்பது மிகச் சாதாரணம். பிளவு வழியாகக் கிருமி இறங்கி எலும்பைத் தின்றுவிடும். ஈறின் ஆழத்தை அளக்க டாக்டர் விடும் மெல்லிய கருவி ஓர் இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கினாலோ, ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போனாலோ அது அதற்கான அறிகுறி. அப்படிச் சுவரே இல்லாத குழியில் வெறுமனே பொடியைக் கொட்டித் தைத்தால் நிற்காது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சவ்வை நிறுத்தி, அதற்கு உள்ளே பொடியை வைக்க வேண்டும். குழியில் சீழ் இருந்தால் சில டாக்டர்கள் அன்றைக்கே சுத்தம் செய்து வைப்பார்கள், சிலர் ஆறு முதல் எட்டு வாரம் ஆறவிட்டு, ஈறு மூடிய பிறகு செய்வார்கள். இரண்டுமே நடைமுறையில் உள்ள முறைகள்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், சீழ் இருந்தால் நான் காத்திருப்பேன்.

இதையெல்லாம் முடிவு செய்யச் சாதாரணச் சின்ன எக்ஸ்ரே போதாது. அது பல்லை முன்னும் பின்னும் ஒன்றாக அமுக்கிக் காட்டும், உதட்டுப் பக்கத்துச் சுவர் தனியாகத் தெரியாது. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் அதைக் காட்டும். தாடை முழுவதற்கும் எடுக்கத் தேவையில்லை, அந்தப் பகுதிக்கு மட்டும் எடுத்தால் போதும், செலவும் கதிர்வீச்சும் குறையும். ஏற்கெனவே எடுத்திருந்தால், "உதட்டுப் பக்கத்துச் சுவர் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது?" என்று அந்தப் படத்தைக் காட்டியே கேளுங்கள். அந்த ஒரு பதிலில் பாதி முடிவு இருக்கிறது.

பல்லைப் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட்டை நட்டுவிட்டால் எலும்பு கரையாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது சரியில்லை. உடனே நட்டாலும் உதட்டுப் பக்கத்துச் சுவர் கரைவது நிற்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. உடனே நடுவதற்கு வேறு நன்மைகள் உண்டு, அலைச்சல் குறையும், மாதங்கள் மிச்சமாகும். ஆனால் சுவர் முழுசாக இருந்து, ஈறு தடிமனாக இருந்து, செய்பவர் கை தேர்ந்தவராக இருந்தால்தான் அது பலிக்கும். பிளந்த வேர் உள்ள பல்லில் பெரும்பாலும் இந்த வாய்ப்பு கிடைக்காது. இம்ப்ளான்ட் வேண்டாம், பக்கத்துப் பற்களைப் பிடித்து பிரிட்ஜ் போடுகிறோம் என்றாலும் முன்பல்லுக்குப் பொடி வைப்பதில் அர்த்தம் உண்டு. மேடு உள்வாங்கிவிட்டால் பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கருப்பாக ஓர் இடுக்கு தெரியும். அதில் சோறு மாட்டும், சிரித்தால் நிழல் விழும்.

பொடி பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பல்லை எப்படி எடுக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம், செலவும் இல்லாதது. இடுக்கியால் பிடித்து உதட்டுப் பக்கமாகச் சாய்த்து ஆட்டி எடுப்பது பழைய பழக்கம். மெல்லிய சுவர் அப்போதே உடைந்து பல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எடுத்த பல்லின் வேரில் முட்டை ஓட்டுச் சில்லு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அதுதான் அந்தச் சுவர். இன்றைக்குச் செய்யும் முறை வேறு. பெரியோடோம் என்று கத்திபோல் மெல்லிய கருவி ஒன்று உண்டு. அதை வேருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில், வேரின் இரு பக்கவாட்டிலும் அண்ணத்துப் பக்கமும் மெதுவாக இறக்குவோம். உதட்டுப் பக்கம் தொடமாட்டோம். ஒரு தடவை இறக்கியதும் சிறிது நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், நார்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். பிளந்த வேரென்றால் இரண்டு துண்டாக்கித் துண்டு துண்டாக உள்பக்கமாகச் சாய்த்து எடுக்கலாம். ஈறைக் கிழித்துத் திறக்காமல் முடிந்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடத்தில் முடியும் வேலை அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கும் டாக்டரைத் தேடுங்கள். பல்லை எடுத்த பிறகு விரலால் குழியின் இரு பக்கத்தையும் அழுத்தி நசுக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. இம்ப்ளான்ட் எண்ணம் இருக்கும் இடத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

பொடி என்பது எதிலிருந்து வருகிறது என்று பலரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். மாட்டு எலும்பைச் சூடாக்கிச் சுத்திகரித்து உயிர்ப்பொருள் எல்லாம் நீக்கிச் செய்த பொடிதான் உலகம் முழுக்க அதிகம் பயன்படுகிறது. தானமாகக் கிடைத்த மனித எலும்பிலிருந்து செய்தது உண்டு. ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற, ஆய்வகத்தில் செய்த பொடிகளும் உண்டு. மேலே மூடும் கொலாஜன் சவ்வு மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரும். அம்மா சைவமோ, மத நம்பிக்கை காரணமாக ஏதாவது ஒன்றை ஏற்கமாட்டாரோ என்றால், உள்ளே வைத்த பிறகு தெரிந்து வருந்துவதைவிட முன்பே சொல்லிவிடுங்கள், மாற்று இருக்கிறது. எந்தப் பொடியானாலும் அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல நின்று இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, உங்கள் எலும்பு அதன் ஊடே வளர்கிறது. மாட்டெலும்புப் பொடியின் துகள்கள் பல வருடங்கள் கழித்தும் அப்படியே உள்ளே இருக்கும். அதில் கெடுதல் இல்லை. உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி ஜவ்வுபோலச் செய்து குழியில் வைக்கும் பிஆர்எஃப் என்ற முறை 2001இல் பிரான்ஸில் தொடங்கியது. ஈறு சீக்கிரம் மூடவும் வலி குறையவும் அது உதவுகிறது. எலும்பின் அகலத்தைக் காப்பதில் அது பொடிக்கு ஈடா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. செலவு குறைவு, வெளிப்பொருளும் இல்லை என்பதால் தயங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்வதுண்டு.

இப்போது அந்த ஊசி. எலும்புத் தேய்மானம் என்று நம் பக்கம் முட்டிவலிக்கும் சொல்கிறார்கள், எலும்பு அடர்த்தி குறைவதற்கும் சொல்கிறார்கள். முட்டிக்குள்ளேயே போடும் ஊசி என்றால் பல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நரம்பில் டிரிப்ஸாக வருடம் ஒருமுறை ஏற்றுவது என்றால் அது பெரும்பாலும் சோலெட்ரானிக் அமிலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் போடுவது டெனோசுமாப். வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் அதுவும் முதல் வகைக் குடும்பம்தான். இந்த மருந்துகள் எலும்பைத் தின்னும் செல்களை அடக்கிவைக்கின்றன, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் உடையாமல் காக்கின்றன. ஆனால் பல் பிடுங்கிய புண் ஆற அதே செல்கள் வேலை செய்தாக வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குக் குழி மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்து செத்துப்போகிறது. 2003இல் முதன்முதலாக இதை மருத்துவ உலகம் கவனித்தது. புற்றுநோய்க்காக அதிக அளவில் அடிக்கடி இந்த மருந்து ஏற்றுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எலும்பு அடர்த்திக்காக வருடம் ஒருமுறை போடுபவர்களுக்கு மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவில். பயந்து பல் வைத்தியத்தையே தள்ளிப்போட வேண்டியதில்லை. சொல்லாமல் மறைத்துச் செய்துகொள்ளவும் கூடாது.

என்ன செய்ய வேண்டும்? மருந்தின் பெயர், எத்தனை வருடமாக, கடைசியாகப் போட்ட தேதி, அடுத்தது எப்போது, ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதை ஒரு சீட்டில் எழுதி இரண்டு பல் டாக்டர்களுக்கும் காட்டுங்கள். ஊசி போடும் டாக்டரிடமும் பல் எடுக்கப்போகிறோம் என்று சொல்லுங்கள். புண் ஆறும்வரை அடுத்த ஊசியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சோலெட்ரானிக் அமிலம் எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்கும், அதனால் சில வாரம் நிறுத்துவதால் பெரிய மாற்றம் வராது. டெனோசுமாப் நேர் எதிர், தேதி தவறிப்போனால் முதுகெலும்பு முறிவு வரும் ஆபத்து உண்டு. பொடியோ இம்ப்ளான்ட்டோ இந்த ஊசி போடுபவர்களுக்குக் கூடவே கூடாது என்பது இல்லை. ஆனால் ஒரே நாளில் இரண்டு பல்லையும் எடுத்து இரண்டு இடத்திலும் பொடி வைப்பதைவிட, முதலில் ஒன்றை எடுத்து அது எப்படி ஆறுகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. எட்டு வாரம் ஆகியும் ஈறு மூடாமல் மஞ்சளோ வெள்ளையோ எலும்பு தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். அதற்கு முன்பே உதட்டிலோ தாடையிலோ மரமரப்பு வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

சர்க்கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு கட்டுக்குள் இருந்தால் குழி மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறும். எட்டு, ஒன்பது என்று இருந்தால் முதலில் அதைக் கீழே கொண்டுவாருங்கள். வெற்றிலையில் புகையிலை சேர்த்துப் போடுகிறார் என்றால், பொடிக்குச் செலவழிக்கும் 24,000 ரூபாயைவிட அதை நிறுத்துவதால் கிடைக்கும் பயன் அதிகம். பல் எடுப்பதற்குச் சில வாரம் முன்பும் எடுத்த பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதமும் வாயில் புகையிலை படக் கூடாது. நம் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் சிலர் பல்வலிக்குப் புகையிலையையே அந்த இடத்தில் அடக்கிக்கொள்வார்கள். பல் எடுத்த குழியில் புகையிலை, சுண்ணாம்பு, மூக்குப்பொடி எதையும் வைக்கக் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், கோவை டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். முதல் 24 மணி நேரம் குழியிலுள்ள ரத்தக்கட்டிதான் எல்லாம். பொடி வைத்தாலும் அந்தக் கட்டிதான் பொடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல்லை எடுத்துவிட்டு அன்று மாலையே மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு மஞ்சூர் வந்து சேர்ந்தால் அந்தக் கட்டி என்ன ஆகும்? வெறும் வயிறு, வலி மாத்திரை, வாயில் பஞ்சு, விழுங்கிய ரத்தம், இவற்றோடு வளைவு ரோடு சேர்ந்தால் வாந்தி வராதவர்களுக்கே வரும். கீழே எடுப்பதாக இருந்தால் ஒரு ராத்திரி கோவையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் மெதுவாக ஏறுங்கள். முடியாவிட்டால் வாந்திக்கான மாத்திரையை டாக்டரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனும் ஆலோசனையும் கோவையில், பல் எடுப்பது மலையிலேயே என்று பிரித்துக்கொள்வதும் நல்ல யோசனைதான், இரண்டு டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் நாள் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. டீ குடிக்காமல் இருக்க நம் ஊரில் யாராலும் முடியாது. குடிக்கட்டும், ஆறவைத்து. குளிருக்குக் கன்னத்தில் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் அடுப்புக்குப் பக்கத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவதும் முதல் நாள் வேண்டாம், ரத்தம் கசியும். கசிந்துகொண்டே இருந்தால் சுத்தமான துணிப்பஞ்சை மடித்து வைத்து அரைமணி நேரம் விடாமல் கடிக்கச் சொல்லுங்கள். நனைத்துப் பிழிந்த டீ பை ஒன்றை வைத்துக் கடித்தாலும் கேட்கும், டீயிலுள்ள துவர்ப்புச் சத்து ரத்தத்தைக் கட்ட உதவும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து விட்டுவிட வேண்டும். பொடி வைத்திருந்தால் முதல் சில நாட்கள் மணல்போல ஒன்றிரண்டு துகள் நாக்கில் தட்டுப்படும், பயப்பட வேண்டாம். நிறைய வந்தாலோ சவ்வு கழன்று வந்தாலோ போன் செய்யுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறையாமல் கூடி, காதுவரை இழுத்து, வாயில் கெட்ட வாடை வந்தால் கட்டி கழன்று குழி வறண்டிருக்கலாம். அது கீழ்க் கடைவாயில்தான் அதிகம், மருந்து வைத்துக் கட்டினால் சரியாகும். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் குழி சீக்கிரம் நிறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உடம்புக்கு வேண்டுமானால் சாப்பிடட்டும், அந்தச் சுவரை அது காப்பாற்றாது.

பல் எல்லாம் போன பிறகு எலும்பு என்ன ஆகும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். கீழ்ப் பல் செட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவார்கள், வாயில் போட்டால் நாக்கு அசைந்தாலே தூக்கிவிடும், சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். 1972இல் வெளியான டால்கிரனின் ஆய்வு, செட் போட்டவர்களை 25 வருடம் வரை தொடர்ந்து பார்த்தது. கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. குழியில் வைக்கும் எந்தப் பொடியும் 25 வருடத் தேய்மானத்துக்கு மருந்தாகாது. எலும்பை நீண்ட நாள் நிறுத்திவைப்பது அதற்குள் ஊன்றி நிற்கும் வேர், அது இல்லாவிட்டால் இம்ப்ளான்ட்.

அதனால்தான் அந்தக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பற்றி இன்னொரு முறை கேட்கச் சொல்கிறேன். முன்பல்லின் வேர் பிளந்திருப்பது உறுதி என்றால் அதைக் காப்பாற்ற வழி குறைவு. கடைவாய்ப் பல் பாதி உடைந்திருக்கிறது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். ஈறுக்கு மேலே சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சியிருந்து, வேரும் எலும்பும் சரியாக இருந்தால், ரூட் கேனல் செய்து கேப் போட்டு வைத்துக்கொள்ளலாம். அந்த ஊசி போடும் ஒருவருக்குப் பல்லைப் பிடுங்குவதைவிட ரூட் கேனல் பாதுகாப்பானதும்கூட. கேப் போடும் அளவுக்குப் பல் மிஞ்சவில்லை என்றாலும், வேருக்கு மட்டும் சிகிச்சை செய்து ஈறு மட்டத்தில் விட்டுவைப்பது இப்படிப்பட்டவர்களுக்குச் செய்கிற வழிதான். இதற்குச் சின்ன எக்ஸ்ரே ஒன்று போதும், மஞ்சூரிலிருந்து குன்னூர் வந்தாலே எடுத்துவிடலாம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது இல்லாதவரை, இந்த வாரமே அந்தப் பல்லைப் பிடுங்கியாக வேண்டிய அவசரம் எதுவும் நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரியவில்லை.